கறகறக்கும் கணினி

லுணுகலை டவுனுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வருகிறார்கள். வேலை விண்ணப்பம், பாடசாலை ஒப்படை, ஏதாவது ஒன்று இருக்கும். கடையில் இருப்பது பெரும்பாலும் யாரோ பாவித்துக் கழித்த பழைய கணினி. ஃபைலைத் திறந்தால் கறகறவென்று சத்தம்தான் வரும், எழுத்து வராது. பிள்ளைக்கோ கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றம். அந்தத் தாமதத்தில் பாதியையாவது கடை நடத்தும் நாம் குறைக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சத்தம் வருவது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அதனுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு சிறு முனை ஓடியோடிப் படிக்கிறது. அழிப்பதும் சேமிப்பதுமாக வருடங்கள் போனால், ஒரே ஃபைல் கிடைத்த இடங்களிலெல்லாம் துண்டுதுண்டாகக் கிடக்கும். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஏறத்தாழ 10 மில்லி செக்கன். நூறு துண்டென்றால் தாவலுக்கே ஒரு செக்கன் போய்விடும். கொழுந்தெடுப்பவருக்கு ஒரே நிரையைக் கொடுக்காமல் மலைக்கு மலை நாலு செடியாகப் பிரித்துக் கொடுத்தால், பறிப்பதைவிட நடப்பதுதானே கூடும்?

சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்குவதுதான் டிஃப்ராக். விண்டோஸ் 98 காலத்தில் திரையில் நிறநிறமான சிறு சதுரங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விண்டோஸ் 7 இந்த வேலையைத் தானாகச் செய்யக் குறித்து வைத்திருக்கும் நேரம் புதன்கிழமை அதிகாலை 1 மணி. அந்த நேரத்தில் இங்கே எந்தக் கடையில் கணினி ஓடுகிறது? இடிக்குப் பயந்து மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். விட்டுப்போனதைப் பகலில் செய்யக் கணினிக்கு ஓய்வும் இல்லை. ஆகவே நாமேதான் நேரம் ஒதுக்கி ஓடவிட வேண்டும்.

முதலில் வேண்டாத படங்களையும் பாட்டுகளையும் அழித்து, டிஸ்க்கில் 15 சதவீதமாவது இடம் விடுங்கள். நெருக்கடியில் அடுக்க முடியாது. ஏப்ரல், ஒக்டோபர் மாத மாலைகளில் டிஃப்ராக்கைத் தொடங்காதீர்கள். இடி வந்தால் கரண்டும் போகும். டக், டக் என்று அடிக்கும் டிஸ்க்கில் டிஃப்ராக்கே கூடாது. அது சாகப்போகும் டிஸ்க். மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்தால் சீக்கிரமே போய்விடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பூட்டிய கணினிக்கு டிஃப்ராக் தேவையே இல்லை. அதில் ஓடும் முனை கிடையாது. வீணாக எழுதி அதன் ஆயுளைத்தான் குறைப்போம். கையில் காசிருந்தால் டிஃப்ராக்கை மறந்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிப் பூட்டுவதே மேல்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.