சோதித்துப் பார்க்காதது

வாப்பா ஜித்தாவிலிருந்து 1983-இல் கொண்டு வந்த டூ-இன்-ஒன் பெட்டியை விற்பதற்காக, சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு விளம்பரம் கொடுத்தேன். “பழைய ஜப்பானியத் தயாரிப்பு. வானொலி, கேசட் இரண்டும் உண்டு. சோதித்துப் பார்க்கப்படவில்லை. உள்ளது உள்ளபடி. விலை ரூ. 6,000. திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது.”

இவற்றில் ஒரு வாக்கியம் பொய்.

எங்கள் தெருவுக்கு வந்த முதல் சில பெட்டிகளில் அதுவும் ஒன்று. பெருநாள் இரவுகளில் நாகூர் ஹனிஃபா அவர்களின் குரல் அதிலிருந்துதான் தெருக்கோடி வரை கேட்கும். வாப்பா மீண்டும் சபர் போன பிறகு, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளையும் அதில்தான் போட்டுக் கேட்டோம். நேரில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், கேசட்டில் இரண்டு பக்கமும் நிறையப் பேசுவார். உம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டுவிட்டு, எல்லோரும் போன பிறகு தனியாக மறுபடியும் போட்டுக் கேட்பார்கள்.

உம்மா வஃபாத்தான பின் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பெட்டி கீழே இறங்கியது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து, தூசி துடைத்து, மின்சாரம் கொடுத்தேன். வானொலி பேசத்தான் செய்தது. ஆனால் பேச்சுக்கு அடியில் வண்டு இரைவது போல ஓயாத இரைச்சல். ஒலியைக் கூட்டும் குமிழைத் தொட்டால் கரகரப்பு. கேசட்டைப் போட்டு அழுத்தினேன். மோட்டார் சுற்றும் ஓசை கேட்டதே தவிர நாடா நகரவில்லை. ஐந்து நிமிடத்தில் தீய்ந்த வாடை எழவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் தார் போன்ற கறுப்புக் குழம்பு. விரலில் ஒட்டிய அந்தக் கறுப்பு நகக்கண்ணை விட்டுப் போக மூன்று நாட்களாயின.

அதாவது, நான் சோதித்துப் பார்த்திருந்தேன்.

விளம்பர வாசகத்தைச் சொல்லித் தந்தவன் என் லாத்தா மகன். “மாமா, ஓடலைன்னு போட்டா ஐந்நூறுக்குக் கேப்பாங்க. டெஸ்ட் பண்ணலைன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்றான்.

எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். 2019-இல் நானே ஏமாந்திருக்கிறேன். “சோதிக்கப்படவில்லை” என்று விற்ற ஒருவரிடம் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினேன். வந்த அன்றே புகைந்தது. திறந்து பார்த்தபோது, எரிந்துபோன ஃபியூஸின் மீது சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றப்பட்டிருந்தது! யாரோ சோதித்து, ஃபியூஸ் போய், தாளைச் சுற்றி மறுபடியும் சோதித்து, அதன் பிறகுதான் அது “சோதிக்கப்படாத” பொருளாகியிருக்கிறது. விற்றவரிடம் அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்தச் சொல்லை நேர்மையாக எழுதுகிறவர்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுக் கருவியை விற்கும் பெண்மணிக்கு அதை இயக்கவே தெரியாதிருக்கலாம். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த கருவி 100 வோல்ட்டில் ஓடுவது. அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவர் இயக்கிப் பார்க்காதிருப்பதே நல்லது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் – மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள் – உலர்ந்தோ கெட்டோ போயிருக்கலாம். எடுத்த எடுப்பில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் நன்றாயிருக்கும் பாகமும் சேர்ந்து போகும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் சீரீஸ் பல்பு வைத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றின் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி இணைப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். இப்போது அந்த இழை பல்பு கிடைப்பதே அரிதாகி வருகிறது, எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். பழைய பெட்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது அவர் தொழில். பேரம் பேசவில்லை. “ஐயா, நீங்கள் இதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி.

அன்று முழுவதும் அதற்கு நான் பதில் எழுதவில்லை. இஷாவுக்குப் பள்ளிக்குப் போனபோது, ஹஜ்ரத் அவர்கள் முன்னொரு ரமலான் பயானில் சொன்ன ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது அது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், அக்கால வழக்கப்படி ஓர் அடிமையை, குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அவருக்கு ஒரு நோய் இருப்பதைச் சொல்லவில்லை என்று வாங்கியவர் வழக்குக் கொண்டு போனார். விற்றபோது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அந்த அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் நலமடைந்து, 1,500 திர்ஹத்துக்கு விலைபோனார்.

பயானில் கேட்டபோது எனக்கு அந்த 1,500 மட்டுமே மனத்தில் தங்கியிருந்தது. இப்போது உறுத்தியது அந்தச் சத்தியம். தெரிந்த குறையை மறைத்துவிட்டு, எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று சொல்லித் தப்பிக்க நம் ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை. திண்டுக்கல்காரர் சட்டம் எதுவும் பேசவில்லை. உஸ்மான் (ரலி) அவர்கள் கேட்டதைத்தான் அவரும் கேட்டிருந்தார்.

இரவு பதினொரு மணிக்கு எழுதினேன். இரைச்சல், கரகரப்பு, தீய்ந்த வாடை, உருகிப்போன பெல்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி, “விளம்பரத்தில் நான் போட்டது உண்மையல்ல, மன்னிக்கவும்” என்றும் சேர்த்தேன். விளம்பரத்தையும் திருத்தினேன். அதுவரை வந்துகொண்டிருந்த மற்ற விசாரிப்புகள் உடனே நின்றுபோயின.

திண்டுக்கல்காரர் மறுநாள் ரூ. 1,800 தருவதாகச் சொன்னார். கொடுத்துவிட்டேன். “நாலாயிரத்து இருநூறு போச்சே மாமா” என்று லாத்தா மகன் அன்று மாலைக்குள் மூன்று முறை கணக்குச் சொன்னான். அவன் கணக்கில் தவறில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். இரண்டு கண்டன்சர் மாற்றியதும் இரைச்சல் நின்றதாம். பெல்ட் புதிதாகப் போட்டிருக்கிறாராம். பெட்டியின் பின்புறத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். வோல்ட் மாற்றும் விசையின் மீது ஒரு பிளாஸ்திரி. அக்காலத்தில் சவூதியின் பல வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம். ஊருக்கு வந்ததும் வாப்பா விசையை 220-க்குத் தள்ளி, பிள்ளைகள் கைதவறி மாற்றிவிடாதபடி பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் நீல மையில் “தள்ளினால் கெட்டுவிடும்” என்று எழுதி வைத்திருந்தார்கள். இத்தனை நாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

“அந்தப் பிளாஸ்திரியை நான் எடுக்கவில்லை ஐயா” என்றார் அவர். “வாங்குகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டுமல்லவா?”