கிரனாடாவில் ஒரு குசினி



ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதி, இருபது வருடமாக அரபு கற்பித்தும் வருகிறேன். அப்படியிருந்தும் ஸ்பெய்னில் எனக்கு முதன்முதலாக விளங்கிய சொல் கிதாபில் படித்ததல்ல, உம்மாவின் வாயில் கேட்டது.

2023 இல் மொரோக்கோவுக்குப் போயிருந்த நானும் மனைவியும் கடல் தாண்டிக் கிரனாடாவுக்கும் சென்றோம். அல்பைஸின் என்ற பழைய மேட்டுப் பகுதியில், வயதான அம்மையார் ஒருவரின் வீட்டில் அறை எடுத்தோம். எதிர்க்குன்றில் அல்ஹம்ரா மாளிகை. ஹலாலைப் பேணி நாமே சமைக்க இடம் உண்டா என்று சைகையில் கேட்டோம். அவர் உள்ளே கையைக் காட்டி, "கொஸீனா" என்றார். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய குசினியேதான்! ஸ்பானிய மொழியும் போர்த்துக்கேய மொழியும் லத்தீனின் பிள்ளைகள். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களில் ஒன்றுதான் நம் வீட்டுக் குசினி.

உள்ளே போன பிறகுதான் நான் ஓதிய அரபுக்கு வேலை வந்தது. எண்ணெய்ப் போத்தலைக் காட்டினால் "அஸெய்த்தே" என்றார். அது அரபின் அஸ்ஸைத். சீனி "அஸூகார்", அதாவது அஸ்ஸுக்கர். அரிசி "அர்ரோஸ்", அர்ருஸ். தண்ணீர்ச் சாடி "ஹர்ரா", அரபில் ஜர்ரா. தலையணைகூட "அல்மோஆதா", நாம் மிகத்தா என்று படித்ததே. "உங்கட கிதாபுச் சொல்லெல்லாம் இந்த மனுஷிட அடுப்படியில கிடக்குதே" என்றார் மனைவி.

தோடம்பழத்துக்கு "நரன்ஹா" என்கிறார்கள். அரபில் நாரன்ஜ், அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் சமஸ்கிருதம். மூலம் நம் நாரத்தையின் பக்கத்துத் திராவிடச் சொல் ஒன்றாக இருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இந்த உற்சாகத்தில் ஒரு பிழையும் விட்டேன். சுவரோடு சேர்ந்த பாத்திரத் தட்டை அவர் "அலஸெனா" என்றார். அரபின் அல்கிஸானா அது, சந்தேகமில்லை. அப்படியானால் நம்முடைய அலுமாரியும் அரபுதான் என்று மனைவிக்கு ஒரு பாடமே நடத்தினேன். பிறகு பார்த்தால் அலுமாரி லத்தீன் வழி வந்த போர்த்துக்கேயச் சொல். "அல்" என்று தொடங்குவதெல்லாம் அரபு அல்ல. பகல் உணவுக்கு அவர்கள் சொல்லும் "அல்முவெர்ஸோ" என்பதும் லத்தீன்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கவனியுங்கள்.

இந்தச் சொற்கள் தங்கிய இடத்தில் அவற்றைக் கொண்டுவந்த மக்கள் தங்கவில்லை. 1492 ஜனவரி 2 இல் கிரனாடா கைமாறியது. மார்க்கத்துக்கும் வழக்கங்களுக்கும் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்குள் கட்டாய ஞானஸ்நானம் வந்துவிட்டது. 1567 இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் அறிவிக்கப்பட்டது. மூன்று வருடத்துக்குள் அரபு பேசுவதையும் எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். பெண்கள் முகத்திரையை நீக்க வேண்டும். ஹம்மாம்களை மூட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவு திறந்தே கிடக்க வேண்டும். ஒரு வீட்டில் உம்மாவும் பிள்ளையும் தமக்குள் பேசும் பேச்சுக்கே தடை!

பிரான்ஸிஸ்கோ நூனியெஸ் முலேய் என்ற முதியவர் மனு எழுதினார். மால்ட்டாவின் கிறிஸ்தவர்களும் அரபுதானே பேசுகிறார்கள், மொழிக்கும் மார்க்கத்துக்கும் என்ன முடிச்சு என்று வாதிட்டார். எடுபடவில்லை. 1568 இல் கிளர்ச்சி வெடித்தது. 1609 முதல் 1614 வரை ஸ்பெய்ன் முழுவதிலுமிருந்து சுமார் மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆனால் எண்ணெயும் சீனியும் அதற்கு வெகுமுன்பே கிறிஸ்தவப் பெண்களின் நாவிலும் ஏறிவிட்டன. ஆணையிட்ட மன்னரின் மாளிகையிலும் சீனி அஸூகார்தான். காவல் அதிகாரிக்கு "அல்குவஸில்" என்று பெயர், அது அல்வஸீர். எந்தச் சொல்லை யார் தேடிப் பிடிப்பது?

நாங்கள் போன வருடம் அங்கே கடும் வறட்சி. ஒலிவ் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் அம்மையார் ஜன்னலைத் திறந்து, "ஒஹலா யுவேவா" என்று பெருமூச்சு விட்டார். மழை பெய்யாதா என்று அர்த்தம். அந்த "ஒஹலா", அந்தலூஸ் மக்கள் பேசிய அரபின் "லவ் ஷா அல்லாஹ்" என்பதிலிருந்து வந்தது: அல்லாஹ் நாடினால். ஆங்கிலம் தெரிந்த பேரன் மூலமாக இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. தன் பாட்டியும் தேவாலயத்துக்குப் போகிறவர், அவரும் இதைத்தான் சொல்வார் என்றார். கொஞ்ச நேரம் வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலை எங்களை வழியனுப்பும்போது மேகம் லேசாகக் கறுத்திருந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, என்னிடம் திரும்பிச் சிரித்துக்கொண்டே "ஒஹலா" என்றார். நான் "ஆமீன்" என்றேன். அதற்குப் பேரனின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.