அப்பம்மாவின் கேள்வி

1986 ஆம் ஆண்டு மார்ச் மாதத்து விடியற்காலை ஒன்றில் அப்பம்மாவைக் கைத்தாங்கலாக முற்றத்திற்கு அழைத்து வந்தோம். 1910 இல் சிறுமியாக இருந்தபோது ஹலியின் வால்வெள்ளியைக் கண்டவர் அவர். இம்முறை தென்கிழக்கு வானில் மங்கலான புகைத்திட்டு ஒன்றே தெரிந்தது. அவர் கண்களுக்கோ அதுவும் புலப்படவில்லை.

“அது என்னத்தாலை ஆனது, பிள்ளையள்?” என்று மட்டும் கேட்டார். விடை கூற எம்மால் இயலவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்னரே ஒரு விடை கிடைத்திருந்தது என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே படித்தறிந்தோம். சூரிய ஒளி பட்டதும் வால்வெள்ளியின் வாயு மூலக்கூறுகள் அதிர்ந்து, தத்தமக்கே உரிய அலைநீளங்களிற் செங்கீழ்க் கதிர்களை உமிழ்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களைக் கொண்டு எம்மூலக்கூறு எதுவென அறியலாம். ஆனால் வால்வெள்ளியின் நீராவி அனுப்பும் கதிர்களை நமது வளிமண்டலத்து நீராவியே விழுங்கிவிடும். ஆகவே 1985 டிசெம்பரில் மைக்கேல் மும்மா முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள், தொலைநோக்கி பொருத்திய ‘கைப்பர்’ விமானத்திற் சுமார் 12 கிலோமீற்றர் உயரத்திற்கு ஏறினர். வால்வெள்ளியின் வேகத்தால் அதன் கதிர்களின் அலைநீளம் சற்றே விலகியிருந்தமையும் துணைசெய்தது. நீராவி நேரடியாகவே கண்டறியப்பட்டது. 1996 இல் ஹயகுத்தாக்கே வால்வெள்ளியில் மெதேனும் எதேனும் இவ்வழியே அகப்பட்டன.

இதனை நாம் அறிந்தபோது அப்பம்மா இல்லை. ஹலி மீண்டும் 2061 இல் வரும். அன்று பேரப்பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்பார்களாயின், இன்றைய மாணவர்கள் எம்மைப் போல் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை: அதன் பனிக்கட்டியிற் பெரும்பகுதி தண்ணீர்தான்.