எண்ணில்லா விடுப்பு

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குக் கூலியாள்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வேடசந்தூர்ச் சாலையில் விடியுமுன்னே ஓடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் செல்வோருக்கு, இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அதைப் பெற ஆண்டில் 240 நாள் உழைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதனை 180 நாளாகக் குறைத்துள்ளது. எல்லா ஆலைகளிலும் இவ்விடுப்பு ஒழுங்காகக் கிடைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எனினும், மறுக்கப்பட்டால் சுட்டிக்காட்டிக் கேட்பதற்கு ஓர் எண் இருக்கிறது.

பெருநகர நிறுவனங்கள் சிலவற்றில் மாதச் சம்பள அலுவலருக்கு இப்போது வேறொரு முறை வந்துள்ளது. அமெரிக்காவின் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தால் பெயர் பெற்ற முறை அது. ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற வரம்பே இல்லை. வேலை கெடாமல், மேலாளரின் இசைவோடு, வேண்டும்போது விடுப்பு எடுக்கலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் எண்ணிக்கை இல்லாத விடுப்பில் மீதி என்பதும் இல்லை. வேலையை விட்டு விலகும்போது எடுக்காத விடுப்புக்குக் கிடைக்கும் பணமும் அத்தோடு போய்விடக்கூடும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஊதிய விடுமுறை, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு ஒவ்வொன்றுக்கும் 12 நாளைக் குறித்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இத்தகைய நிறுவனத்தில் பணிபுரிகிறார். தந்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டே நாள் வந்தவர், மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் மடிக்கணினியை மூடவில்லை. “இத்தனை நாள் உண்டு என்றால் துணிந்து எடுப்பேன், சாமி. வரம்பில்லை என்பதால் மற்றவர்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் யாரும் எடுப்பதில்லை” என்றார்.

எண் இருந்தவரை விடுப்பு உரிமையாய் இருந்தது. எண் மறைந்ததும் அது தயவாகிவிட்டது.

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரம் ஒரு விடுப்பு விண்ணப்பத்தின் கதைதான். மூன்று நாள் வழி சென்று இறைவனை வழிபட மக்கள் அனுமதி கேட்டனர். பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினான். செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலையும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்றான். அந்த அடிமைத்தனத்தை நினைவூட்டியே இணைச்சட்ட நூல் ஓய்வுநாளைக் கட்டளையாக்குகிறது. வேலையாளும் அந்நியரும் மாடும் கழுதையும் ஓய வேண்டும். தலைவனிடம் கேட்டுப் பெற வலுவற்றவர்களின் பட்டியல் அது. ஆகவேதான் அந்நாளைக் குறிக்கும் பொறுப்பு தலைவனிடம் விடப்படவில்லை.

நெகிழ்வே கூடாதென்பதல்ல. குழந்தையின் காய்ச்சலும் உறவினர் இறப்பும் நாள் பார்த்து வருவதில்லை. ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கிய ஆண்டவர், அந்நாள் மனிதருக்காகவே என்றார். ஆனால் நெகிழ்வு எவர் பக்கம் வளைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடம் தரும் சட்டமுன்வடிவு நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. விரும்புவோர் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று விளக்கம் தரப்பட்டது. விருப்பம் எவருடையது என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய 1923க்குச் சரியாக நூறாண்டு கழித்து, அதே மே முதல் நாளில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

நம் வாசகருள் கடையும் ஆலையும் அலுவலகமும் நடத்துவோர் உண்டு. தாராளமாக விடுப்புத் தர விரும்பினால், கட்டாயம் எடுத்தே ஆக வேண்டிய நாள்களை முதலில் எண்ணிட்டு எழுதிக் கொடுங்கள். அதற்குமேல் எவ்வளவும் நெகிழலாம். அந்நாள்களில் பணியாளரைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். முதல் விடுப்பை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். உங்களுக்குக் கீழே உள்ளவர் அதைப் பார்த்தபின்தான் தம் வீட்டுக்குப் புறப்படுவார்.