சத்தத்தைக் கேட்டே விமானம் சொன்னவர்கள்



சனிக்கிழமை பின்னேரங்களில் வாலிபர் ஐக்கியத்தில் பாதிப்பேர் எங்கே காணாமற் போகிறார்கள் என்று கேட்கிற பெற்றோருக்கு இப்போது பதில் தெரியும். ஒக்லாந்து விமான நிலையத்தின் கிழக்குப் பக்கம், புஹினுயி வீதியோரம், வேலிக்கு வெளியே, கமராவும் சுடுதண்ணிப் போத்தலுமாக நிற்கிறோம். ஏழெட்டுப் பேர். எங்களில் மூவர் தாதிகள். இரவு வேலை முடிந்து மத்தியானம் வரை நித்திரை கொண்டுவிட்டு வருகிறவர்கள். மற்றவர்கள் படிக்கிற பிள்ளைகள். "விமானத்தில பார்க்க என்ன இருக்கு, எல்லாம் ஒண்டுதானே" என்று சபையில் பலர் கேட்டுவிட்டார்கள். ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, அந்த வேலியோரத்தில் நாங்கள் கேட்ட வேறொரு கதையும் இருக்கிறது.

முதலில் காற்றைப் பார்க்கவேண்டும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். ஒக்லாந்தில் தென்மேற்குக் காற்றுத்தான் அதிகம். ஆகவே பெரும்பாலான நாட்களில் விமானங்கள் பாப்பாட்டோய்டோய்ப் பக்கமிருந்து தாழ்ந்து வந்து, எங்கள் தலைக்கு மேலால் போய் இறங்கும். ஏறுகிறவை மனுகாவ் குடாவின் மேலாகப் போய்விடும். வடகிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் தலைகீழ். ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் 23 என்ற எண்ணும் திசைதான்: 230 பாகை. மறுமுனைக்கு 05, அதாவது 50 பாகை. இந்த ஓடுபாதையின் இன்றைய நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர். விமான நிலையம் 1966 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது.

அடுத்தது வெளிச்சம். எங்கள் ஊரில் பழகியவர்களுக்கு இது குழப்பும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும். ஓடுபாதைக்கு வடக்கே நின்றால்தான் வெளிச்சம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விமானத்தின் மேல் விழும். வெய்யிலேறிய நேரத்தில் தார் சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று கானல் போல ஆடும்; எவ்வளவு விலையான லென்ஸ் இருந்தாலும் படம் கலங்கிப்போகும். மழை பெய்து ஓய்ந்த குளிர்காலப் பின்னேரம்தான் நல்லது. (குளிருக்குப் பயந்தவர்கள் காருக்குள் இருந்து பாட்டுக் கேட்கலாம். அதையும் சிலர் செய்கிறார்கள்.)

எந்த விமானம் வருகிறது என்பதை ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் காட்டிவிடும். விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் தானே ரேடியோவில் அறிவித்துக்கொண்டு பறக்கிறது. அதைப் பிடித்துப் படத்தில் போடுகிறார்கள். ஆனால் உடம்பில் எழுதியிருக்கும் பதிவெழுத்தை வாசிக்கிற சுகம் வேறு. ZK என்று எழுதாமல் தமிழில் சொன்னால் 'இசட் கே' நியூசிலாந்து. 'வி டி' இந்தியா. 'நாலு ஆர்' இலங்கை. 'ஒன்பது வி' சிங்கப்பூர். எயர் நியூசிலாந்து 2011இல் ஒரு ஏ320 விமானத்துக்கு முழுக்கக் கறுப்புப் பூசி, ரக்பி அணியின் பெயருக்குப் பொருத்தமாக 'ஓ ஏ பி' என்று முடியும் பதிவையும் வாங்கிக்கொண்டது. எமிரேட்ஸின் இரண்டு மாடி ஏ380 வருகிறபோது, எத்தனை முறை பார்த்திருந்தாலும், பேச்சு நின்றுவிடும். 2017 பெப்ரவரியில் தோஹாவிலிருந்து கட்டார் எயர்வேஸின் முதல் விமானம் 14,535 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறந்து இங்கே இறங்கியபோது, அதுதான் அன்றைய உலகின் மிக நீண்ட பயணிகள் சேவை. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் உடனே திருத்துவார்கள்: குவாக்கா என்ற பறவை அலாஸ்காவிலிருந்து 12,000 கிலோமீற்றருக்கு மேல், இறங்காமல், தின்னாமல், பதினொரு நாள் பறந்து நியூசிலாந்துக்கு வருகிறது. அதே இனத்துப் பறவைகள்தான் கோடைகாலத்தில் இந்த ஓடுபாதைக்குப் பக்கத்து மனுகாவ்ச் சேற்றிலும் மேய்கின்றன.

அபூர்வமான விமானம் என்றால் எங்களுக்கு அன்டனோவ் 124தான். 2021 அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்துக்கான படகுகளில் சில இதன் வயிற்றுக்குள் இருந்துதான் ஒக்லாந்தில் இறங்கின. இருபத்துநாலு சில்லு. மூக்கைத் தூக்கித் திறக்கும். சாமான் ஏற்றுவதற்காக முன்சில்லை மடக்கிக்கொண்டு ஒட்டகம் மாதிரி முழங்காற்படியிடும். இதன் பெரிய அண்ணன் அன்டனோவ் 225 உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பறந்தது. 'மிரியா' என்று பெயர். உக்ரேன் மொழியில் கனவு என்று அர்த்தம். 2022 பெப்ரவரியில் கீவ் நகருக்கு அருகே ஹொஸ்டோமெல் விமான நிலையத்துச் சண்டையில் அது அழிந்துபோனது. அதைப் படமெடுக்கும் ஆசை எங்களோடு நிற்க, விமானம் போய்விட்டது.

இந்தப் பொழுதுபோக்கு எல்லா நாட்டிலும் இவ்வளவு சுலபம் இல்லை. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானத் தளத்தில் விமானம் பார்க்கப்போன பிரித்தானியரும் ஒல்லாந்தருமாகப் பதினாலு பேரை உளவாளிகள் என்று பிடித்து, தண்டனையும் கொடுத்து, மேன்முறையீட்டில் அடுத்த வருடம்தான் விடுவித்தார்கள். இங்கே பொலிஸ் கார் வந்தால், "இண்டைக்கு என்ன வருது?" என்று விசாரித்துவிட்டுப் போகிறது.

இனி அந்த மற்றக் கதை.

எங்களில் ஒரு தம்பியின் தாத்தா, எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சபையில் நாங்கள் எல்லோரும் மாமா என்றே கூப்பிடுகிறோம். (பெயர் போடவேண்டாம் என்று சொல்லித்தான் இதை எழுத அனுமதி தந்தார்.) ஒரு சனிக்கிழமை பேரனோடு வந்து, காருக்குள்ளேயே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொண்டு இருந்தார். செயலியும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. நாங்கள் கமராவைத் தூக்கு முன்னமே, "ரெண்டு எஞ்சின். பங்கா. சின்னன்" என்றார். ஹமில்டன் பக்கமிருந்து ஒரு ஏடிஆர் 72 வந்துகொண்டிருந்தது. அடுத்ததுக்கு, "இது ஜெட். தூரத்தில நிக்குது, இன்னும் ரெண்டு நிமிசம் செல்லும்." சரியாக இரண்டு நிமிடம். பிள்ளைகள் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "மாமா, எப்படிப் பழகினீங்கள்?"

"பழகாம இருந்திருந்தா உங்கட அம்மாமார் இருந்திருக்கமாட்டினம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கலை தெரிந்திருந்தது. சாமான் ஏற்றுகிற விமானத்துக்குச் 'சகடை' என்று பெயர்; சகடை ஆடி அசைந்து வரும், பங்கருக்குள் போக நேரம் இருக்கும். ஹெலி என்றால் சுடும். சுவரின் மறுபக்கத்துக்கு மாறவேண்டும். சியாமாசெட்டி குத்திக்கொண்டு இறங்குகிற சத்தத்தை வேறாகச் சொல்வார்கள். 1993இல் ஆர்ஜென்டீனாவின் புக்காரா வந்தது. 1996இல் இஸ்ரேலின் கிபிர் வந்தது. எபிரேய மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று அர்த்தம். கிபிர் வேகமானது. சத்தம் கேட்கும்போது அது தலைக்கு மேலே வந்திருக்கும். ஆகவே கிபிருக்கு முன் மற்றக் கலையெல்லாம் பெரிதாக உதவவில்லை என்றார் மாமா. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் வாசலில், ஆள் ஒருவர் காதைக் கொடுத்தபடி நிற்பாராம். அவர் வீட்டில் அந்த வேலை அவருக்கு.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவிலும் இப்படித்தான். ரோயல் ஒப்சேவர் கோர்ப்ஸ் என்ற தொண்டர்கள் மேட்டில் நின்று, வருகிறது நண்பனா பகைவனா என்று உருவத்தையும் சத்தத்தையும் வைத்துச் சொன்னார்கள். 1941இல் அவர்களைப் போன்றவர்களுக்காகவே பத்திரிகை கூட வந்தது. இன்று எங்களைப்போல வேலியோரம் நிற்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற 'ஸ்பொட்டர்' என்ற பெயர் அந்தக் காலத்தில்தான் பரவியது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகையும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் ஊர் முழுவதுமே ஸ்பொட்டர்கள்.

ஜூலை மாதம் எங்கள் ஜெபக்கூட்டத்தில் மாமா நவாலியைப் பற்றிச் சொன்னார். 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. இராணுவம் முன்னேறி வருகிறது என்று இடம்பெயர்ந்த சனம் நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் வளவிலும் தங்கியிருந்தது. ஆலயம்தானே, குண்டு போடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. விமானப்படை போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சொல்லும்போது மாமா குரலை உயர்த்தவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் அந்த ஊரின் பெயரையே அன்றுதான் கேட்டார்கள்.

வானத்திலிருந்து வேறொன்று விழுந்த நாளும் உண்டு. 1987 ஜூன் 4. குடாநாடு முற்றுகையில் இருந்த நேரம். இந்தியாவின் ஐந்து அன்டனோவ் 32 விமானங்கள், மிராஜ் 2000 காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேலாகப் பறந்து பரசூட்டில் நிவாரணப் பொதிகளைப் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். சத்தம் கேட்டதும் வழமைபோலப் பங்கருக்குள் ஓடினோம், வெளியே வந்து பார்த்தால் குடை குடையாக இறங்குகிறது என்றார் மாமா. அன்டனோவ் 124இன் படத்தைக் காட்டியபோது அதன் பெயரைக் கேட்டுவிட்டு, "இதுக்குச் சொந்தக்காரனைத்தான் எனக்குத் தெரியுமே" என்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

தாதிகளாக இந்த இடத்தில் சிலது சொல்லவேண்டும். சத்தம் காதில் விழுந்ததும், யோசிக்கிற மூளை முந்துவதற்குள், அமிக்டலா என்ற சிறு பகுதி உடம்புக்கு அபாய மணி அடித்துவிடுகிறது. நாடி ஏறும், கை வியர்க்கும், கால் தானாக வாசலைத் தேடும். நாற்பது வருடமானாலும் சிலருக்கு அது அணைவதில்லை. ஆஸ்பத்திரிக் கூரையில் மீட்பு ஹெலிகொப்டர் இறங்கும்போது கட்டிலைப் பிடித்துக்கொள்கிற முதியவர்களை நாங்கள் வேலையில் காண்கிறோம். அவர்களில் எங்கள் நாட்டார் மட்டும் இல்லை. "இன்னும் பயமா, விசுவாசம் எங்கே?" என்று கேட்கிற வழக்கம் எங்கள் சபைகளில் இருக்கிறது. அது சரியில்லை. சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும். நித்திரை கொள்ளவும் விட்டான். பிரசங்கம் பண்ணவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால்: நவம்பர் 5 வெடிகளுக்கு முன்னமே, அன்சாக் தினத்தில் விமானங்கள் தாழப் பறக்க முன்னமே சொல்லிவைக்கலாம். சத்தம் வந்தால் "அது ஹெலி, ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்று பெயர் சொல்லிவிடுங்கள். இன்னதென்று தெரிந்தாலே பாதி இறங்கும். கதை கேட்க விரும்பினால் கேளுங்கள், ஆனால் தோண்டவேண்டாம். நித்திரையே கெடுகிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். 1737 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

மாமா இப்போது காருக்குள் இருப்பதில்லை. மடக்குக் கதிரை கொண்டுவருகிறார். 2021 பெப்ரவரி 15ஆம் திகதி முதலாவது ஃபைசர் தடுப்பூசிப் பெட்டிகள் ஒக்லாந்தில் வந்திறங்கியதைப் பற்றிக் கதைத்தபோது, "அதுவும் ஒரு பூமாலைதான்" என்றார். எங்களில் ஊசி போட்டவர்களுக்கு அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. ஏ380ஐ அவர் பெரிதாக மதிப்பதில்லை. அவருக்குப் பிடித்தது ஏடிஆர்தான். அதன் படத்திலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கமராவின் வேகத்தைக் கூட்டினால் பங்கா அசையாமல் நின்றதுபோல விழும். "எஞ்சின் நிண்டுபோன பிளேனை எனக்குத் தராதேங்கோ. சுத்தவேணும்" என்பார். ஆகவே அவருக்கென்று வேகத்தை நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விமானத்தோடு சேர்ந்து திரும்பி எடுக்கிறோம். பத்தில் ஒன்று தேறும்.

ஏடிஆர் மேல் ஏன் இந்தப் பிரியம் என்பது போன மாதம்தான் தெரிந்தது. இராணுவத் தளமாகவே பல காலம் கிடந்த பலாலி, 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் வரத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் பறக்கிறது. இரண்டு பேரும் அந்த வழிக்கு விடுவது ஏடிஆர் 72. மாமா வருகிற டிசம்பரில் சென்னை வழியாகப் போக ரிக்கற் எடுத்துவிட்டார்.

"எந்தப் பக்கம் இருந்தா ஊர் தெரியும்?" என்று கேட்டார். ஏடிஆருக்குச் செட்டை உடம்புக்கு மேலே இருக்கிறது, மாமா, எந்தச் சன்னலடியில் இருந்தாலும் கீழே மறைக்காது என்றோம். அப்படியெண்டா இடப்பக்கம் போடச் சொல்லு, வலது காது எனக்குக் கொஞ்சம் மந்தம், எஞ்சின் சத்தம் நல்லாக் கேக்கவேணும் என்றார்.