மரை கழண்ட கதை

போல்ட் இறுகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கின் பேடாக்கில் மல்லாந்து படுத்து என் வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஆயிலை வடித்தாயிற்று. வாஷர் புதுசு போட்டாயிற்று. ட்ரெய்ன் போல்ட்டை விரலாலேயே ஏற்றி, கடைசியில் ஸ்பேனர் போட்டு ஒரு இழு. இன்னும் ஒரு இழு. போதும் என்று கை சொன்னது, மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு கால் சுற்று. இறுகிக்கொண்டே வந்த ஒன்று சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது மணிக்கட்டில் ஒரு வெறுமை வரும். ஸ்பேனர் பிடித்தவர்களுக்கு அது தெரியும். பஸ் படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வருமே, அந்த மாதிரி.

போல்ட் இரும்பு. எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று எட்டாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். எவ்வளவு விசையோடு முடுக்க வேண்டும் என்று வண்டியோடு கொடுக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் என் பையிலேயே இருந்தது. பை பத்தடி தள்ளி இருந்தது. அவ்வளவுதான் விஷயம். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை.

வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம், என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி பிரிவில் வேலை. வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், மரை ஒரு சுற்று குறைந்தாலும், சிவப்பு பெயிண்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவேன். பொன்னேரியில் ரயிலேறி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, எட்டு மணி நேரம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்புவேன். மோல்டிங் பிரிவு ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்தாலும் குறி போடாமல் விட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரை.

ரேஸ் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். 165 சிசிக்கு உட்பட்ட வண்டிகளில் புதுமுகங்களுக்கான பிரிவு. பாதிப் பேர் காலேஜ் பையன்கள், மீதிப் பேர் என்னைப் போல ஓவர்டைம் காசில் டயர் வாங்குகிறவர்கள். அஜித் ரேஸ் ஓட்டினால் மொத்த ஊரும் பார்க்கும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எங்கள் கேன்டீனில்கூட லட்டு கொடுத்தார்கள். நான் ஓட்டினால் அம்மாவுக்கே தெரியாது. ஸ்பெஷல் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு வருவேன். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது வேறு கதை. "உனக்கு மரை கழண்டுடுச்சாடா" என்று ஒரு தரம் கேட்டிருக்கிறாள். அது இப்படி நேரடியாகப் பலிக்கும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

அன்று ராத்திரி நான் செய்தது இதுதான். போல்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றினேன். அதன் மேல் கேஸ்கெட் பசையைத் தடவினேன். துளைக்குள் திணித்து, கை பொறுக்கிற அளவு மட்டும் முடுக்கினேன். ஆயில் ஊற்றினேன். பிறகு லாக் வயர் கட்டினேன். ரேஸ் வண்டியில் ட்ரெய்ன் போல்ட்டின் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியை முறுக்கி எஞ்சினோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் போல்ட் கழன்று ஆயில் ட்ராக்கில் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. சும்மா சொல்லக் கூடாது, என் முறுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அந்தக் கம்பியைப் பார்க்கிற யாருக்கும் உள்ளே மரையே இல்லை என்று தோன்றாது.

சனிக்கிழமை காலை ஸ்க்ருட்டினியில் தோன்றவும் இல்லை. பரிசோதகர் பிரேக் பிடித்துப் பார்த்தார், செயினை ஆட்டிப் பார்த்தார், ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர்தானே என்று கேட்டார். குனிந்து லாக் வயரை ஒரு விரலால் இழுத்தார். தலையை ஆட்டிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார். என்னோடு உதவிக்கு வந்திருந்த மோல்டிங் பிரிவு மச்சான் என் தொடையில் கிள்ளினான்.

அன்றைக்கு நாளும் சரியில்லை. பயிற்சி ஓட்டத்தின் மூன்றாவது சுற்றில் கிளட்ச் கேபிள் அறுந்தது. பக்கத்து டென்ட்டில் இருந்த கோயம்புத்தூர்ப் பையன்களிடம் ஒன்று இருந்தது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர்க்காரர்கள், ஸ்பேர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அதை மாட்டுவதற்குள் கியர் லீவரின் ஸ்பிளைன் தேய்ந்திருப்பது தெரிந்தது. தகரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகினோம். செல்லப்பிள்ளை மாதிரி ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது வண்டி. சின்னச் சின்னத் தொல்லைகள் வந்தது உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அவற்றை ஓடி ஓடிச் சரிசெய்யும்போது பெரிய தொல்லையை நினைக்க வேண்டியதில்லை.

மதியம் தகுதிச் சுற்று. அந்த ட்ராக்கின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். இருபத்திரண்டு பேரில் எனக்குப் பதினாறாவது இடம். என் அளவில் அது கொண்டாட்டம்தான். டென்ட்டுக்கு வந்து, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பெல்லி பேனைக் கழற்றினேன். உள்ளே ஆயில். அதிகமில்லை, மூன்று ஸ்பூன் இருக்கும். பேனில் தேங்கி, பின்பக்க விளிம்பு வரை வழிந்து வந்து நின்றிருந்தது. விளிம்பைத் தாண்டினால் அடுத்து இருப்பது பின் டயர்.

"ஆறு லேப்தானே மச்சான் ரேஸு. தாங்கும். ஒரு துணிய வெச்சு அடைச்சிரலாம்" என்றான் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணி எந்தத் துணி என்பது வரை யோசித்துவிட்டேன். அவன் சத்தமாகச் சொன்னதும்தான் அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது.

ட்ராக்கில் ஆயில் இருந்தால் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட கொடி காட்டுவார்கள். வண்டியில் கோளாறு என்றால் கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம், உன் நம்பரோடு. ஆனால் கொடி காட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டுமே. நூற்று இருபதில் போகிற வண்டிக்கு அடியில் ஒழுகுகிற மூன்று ஸ்பூன் எண்ணெயை யார் பார்ப்பது? நான் விழுந்தால் நான் விழுந்தேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் வருவார்கள், அதில் கேபிள் கொடுத்த கோயம்புத்தூர்ப் பையனும் ஒருவன். 2023 ஆகஸ்ட் 5 அன்று இதே ட்ராக்கில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் தேசிய சாம்பியன்ஷிப் ரேஸில் விழுந்து இறந்துபோனான். அந்த விபத்துக்கும் என் போல்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இங்கே வருகிற எவனும் முதல் வளைவைப் பழையபடி பார்ப்பதில்லை.

பரிசோதகரைத் தேடிப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ட்ரெய்ன் போல்ட்ல திரெட் போயிடுச்சு. வெளிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வரேன்."

"எப்போ போச்சு?"

தகுதிச் சுற்றில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நேத்து சாயங்காலம் சார்."

அவர் டீயைக் கீழே வைத்தார். திட்டவில்லை. கூடவே நடந்து வந்து, குனிந்து, காலையில் தான் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தார். பாதி கிழிந்து பாதி டேங்கிலேயே நின்றது. "காலைல ஏழு மணிக்குத் திரும்பக் காட்டணும். லாக் வயர் கட்டாம கொண்டு வாங்க. நான் பாத்த அப்புறம் கட்டுங்க" என்றார். பிறகு, போகிற போக்கில், "நீங்க எங்க வேல செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பிரிவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பேடாக்கில் அந்த அளவுக்கு ஹெலிகாயில் யாரிடமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி கவரைப்பேட்டையில் இருக்கிற லேத்துப் பட்டறை. சிப்காட்டில் எந்தக் கம்பெனியில் மரை போனாலும் கடைசியில் அந்தப் பெரியவரிடம்தான் போகும். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். மச்சான் தூங்கிவிட்டான். சோழவரம் பக்கம் ஜிஎன்டி ரோட்டில் ஏறும்போது மணி ஒன்பதரை.

சோழவரத்தை நான் வாரத்துக்கு நாலு தரமாவது தாண்டுகிறவன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக் அமைத்து 1990இல் அதைத் திறக்கும் வரை, அந்த ஓடுதளத்தில்தான் ரேஸ் நடத்தியது. தென்னிந்தியாவின் ரேஸ் என்றாலே சோழவரம் என்றிருந்த காலம் அது. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. ராத்திரியில் சாலையிலிருந்து பார்த்தால் லாரி வெளிச்சமும் புழுதியும்தான்.

பெரியவர் கைலியோடு வந்து ஷட்டரைத் தூக்கினார். டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார்.

"டேப்பு சுத்துனியா?"

"ஆமா நைனா."

"பசையும்?"

"ஆமா."

"கம்பி வேற அழகா கட்டியிருக்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஹெலிகாயில் போடுவதைப் பார்த்திராதவர்களுக்கு: செத்த மரையை டிரில் போட்டு மொத்தமாக எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பெரிய அளவில் புது மரை வெட்ட வேண்டும். அதற்குள் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய ஸ்டீல் கம்பியைத் திருகி இறக்கினால், அந்தச் சுருளின் உட்பக்கமே பழைய அளவு மரை. அலுமினியத்துக்குள் ஸ்டீல் மரை, முதலில் இருந்ததைவிடப் பலம். எல்லா ஃபவுண்டரியிலும் நடக்கிற வேலைதான், நானே ஆயிரம் பார்த்திருக்கிறேன். ஆனால் எஞ்சினைக் கழற்றாமல் செய்யும்போது பயம் வேறு. ஒரு சீவல் உள்ளே விழுந்தால் ஆயில் பம்ப் காலி. பெரியவர் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். அரைச் சுற்று வெட்டுவார், கால் சுற்று பின்னால் எடுப்பார், வெளியே இழுத்துத் துடைப்பார். சீவல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்ப கிரீஸ். ஒரு மணி நேரம் இதையே செய்தார். சுருளை இறக்கியதும் அதன் நுனியில் இருக்கிற சின்னக் கொக்கியை உடைத்து எடுக்க வேண்டும். அது உள்ளே விழுந்தால் காந்தத்தாலும் எடுக்க முடியாது, அந்த வகை ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது. மூக்கு நீண்ட பிளையரால் பிடித்து, மூச்சை அடக்கி, முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தார். வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசி நொய் அளவு இருந்தது.

டீசல் விட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பேசினார். ரெட்ஹில்ஸில் வளர்ந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் சைக்கிள் மிதித்துச் சோழவரம் ரேஸுக்குப் போவாராம். யெஸ்டியும் புல்லட்டும் ஓடிய காலம். எது ஜெயித்தது என்றெல்லாம் அவருக்கு நினைவில்லை. வாசனைதான் நினைவிருக்கிறது. ரேஸ் எஞ்சினில் விளக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள், அது எரிகிற வாசனை. "எங்கம்மா மண்டையில தேய்க்கிற அதே எண்ணெய்டா. எரிஞ்சா என்னா வாசன தெரியுமா?" இன்னொன்றும் சொன்னார். வளைவில் ஒருவன் விழுந்தான், அடுத்தடுத்து நாலு பேர் அதே இடத்தில் விழுந்தார்கள். பிறகு ஓடிப்போய் அங்கே மண்ணை அள்ளிக் கொட்டினார்களாம். இதை எதற்குச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

எழுநூறு ரூபாய் கேட்டார். பகலில் நானூறுதான் வாங்குவார். "நைட்டு ரேட்டு" என்றார். கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பரிசோதகர் என் டார்க் ரெஞ்சை வாங்கி அவரே முடுக்கிப் பார்த்தார். டக் என்று ஒரு சத்தம். புது ஸ்டிக்கரைப் பழைய கிழிசலின் மேலேயே ஒட்டினார்.

ரேஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொடக்கம் நன்றாக அமைந்தது. மூன்றாவது லேப்பில் பன்னிரண்டாவது இடம், அதுவரை நான் பார்த்திராத இடம். ஐந்தாவது லேப்பில், நேர்ச்சாலையின் நடுவில், எஞ்சின் அணைந்துபோனது. இருமலில்லை, திக்கலில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி. கையைத் தூக்கிக்கொண்டு புல்லில் இறங்கினேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கோயம்புத்தூர்ப் பையனும் போனான். பிறகு பார்த்தால், ரேஸுக்காக ஹெட்லைட்டைக் கழற்றியபோது நான் வெட்டிவிட்ட வயரில் சுற்றிய டேப் சூட்டில் இளகி, வயர் சேஸிஸில் உரசி, ஃபியூஸ் போயிருந்தது. ஃபியூஸ் பத்து ரூபாய். அதையும் நான்தான் சுற்றினேன்.

மார்ஷல் என்னைத் தடுப்புக்குப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு அடியில் விரலை விட்டுத் தடவினேன். கையுறையைக் கழற்றி மறுபடி தடவினேன். சூடாக இருந்தது. ஈரமில்லை.

ராத்திரி பொன்னேரியில் அம்மா போட்ட தோசையைத் தின்றுகொண்டிருக்கும்போது பெரியவரிடமிருந்து போன்.

"ஒழுகுச்சா?"

"இல்ல நைனா."

"சரி" என்று வைத்துவிட்டார். எத்தனாவது வந்தாய் என்று கேட்கவே இல்லை.

"யாருடா அது இந்நேரத்துல?" என்றாள் அம்மா.

"லேத்துக்காரரும்மா."

"ஸ்பெஷல் ஷிஃப்ட்டுல லேத்துக்காரருக்கு என்னா வேல?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள்.