பதிவேட்டில் நான் எழுதிய ‘மறதி’



இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. மருத்துவம் எனக்குத் தூரத்துத் துறை. ஆயினும் இரத்தத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டியவனாகிவிட்டேன். ஒரு சிறுவனுக்கு நான் செய்த அநீதியே அதற்குக் காரணம்.

அவனுக்கு அப்போது வயது பதினொன்று. திருக்குர்ஆனை மனனம் செய்யும் வகுப்பில் இருந்தான். இனிய குரல்; திருத்தமான உச்சரிப்பு. மனனம் மட்டும் புதிராக இருந்தது. சில நாள்களில் சுப்ஹுக்குப் பின் எடுத்த ஒரு பக்கத்தை லுஹருக்குள் பிழையின்றி ஒப்பித்துவிடுவான். வேறு சில நாள்களில் ஐந்து வரிகூட நிற்காது. ஓதிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தி என் முகத்தையே பார்ப்பான். ‘மறதி’, ‘கவனமின்மை’, ‘சோம்பல்’ என்று பதிவேட்டில் எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் முன்னால் நிற்க வைத்தேன். ஒரு முறை பிரம்பையும் எடுத்தேன். இலேசாகத்தான் அடித்தோம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவனுடைய தாயார் வந்து வாசலோரம் நின்றார். “ஹஜ்ரத், அவனுக்கு இந்த வாரம் இரத்தம் ஏத்தணும். ஏத்தினதுக்குப் பிறகு பாடம் கேளுங்க. இப்ப அவனால முடியாது” என்றார்.

தலசீமியா. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றி வருகிறார்கள். ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டேன். “மூத்தது பொம்பளப் பிள்ளை ஹஜ்ரத். வீட்ல இரத்த நோய்னு தெரிஞ்சா யாரு சம்பந்தம் பேச வருவாங்க?” என்றார். எனக்கு விடை இல்லை.

அன்றிரவு அவர் தந்த மருத்துவமனைக் குறிப்பேட்டையும் என் பதிவேட்டையும் அருகருகே விரித்தேன். இரத்தம் ஏற்றிய நாள்களைச் சிவப்பு மையால் குறித்தேன். நான் எழுதிய ‘மறதி’களில் பெரும்பாலானவை சிவப்புக் குறிக்கு முந்தைய வாரத்தில் விழுந்திருந்தன. குறிக்குப் பிந்தைய பத்து நாள்களில் ஒன்றுகூட இல்லை.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு 100-க்கு 2 அளவே. ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். தலசீமியாவில் அதனைச் செய்யும் மரபணுவே பழுதுபட்டிருக்கிறது. ஏற்றிய இரத்தம் நாளாக ஆகக் குறையும்போது உடல் சோர்கிறது, கவனமும் தளர்கிறது. இதனுடன் அடிக்கடி மருத்துவமனைக்குப் போவதால் விடுபடும் பாடங்களும், ஊசியின் அச்சமும் சேர்கின்றன. (நம்மவர்கள் சோகை என்றதும் பேரீச்சம்பழத்தையும் இரும்புச்சத்து டானிக்கையும் நீட்டுவார்கள். இரத்தம் ஏற்றும் பிள்ளையின் உடலில் இரும்பு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. அதனை வெளியேற்றவே தனி மருந்து கொடுக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் டானிக் கொடுத்தால் அது கேடாய் முடியும்.) இந்நோயுள்ளவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒழுங்காகச் சிகிச்சை பெற்றுப் பட்டமும் பதவியும் அடைந்தவர்கள் பலர் உண்டு.

தேடிப் படித்தபோது இதனினும் கொடிய உறவுக்கார நோய் ஒன்றை அறிந்தேன். அது அரிவாள் அணுச் சோகை. நம் நாட்டில் இது இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952-இல் வெளியிட்டனர். அவர்கள் அதனைக் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. இந்நோயில் சிவப்பணு பிறை வடிவில் வளைந்து விறைத்து, நாளங்களை அடைக்கிறது. மூளையின் நாளம் அடைபட்டால் குழந்தைக்கும் பக்கவாதம் வரும். அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வொன்றில், இந்நோயின் கடுமையான வகையுள்ளோரில் 100-க்கு 11 பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தது.

என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. கை கால் முடங்காது, வாய் கோணாது. பிள்ளை ஓடியாடி விளையாடும். ஆனால் மூளைக்குள் சிறு சிறு பகுதிகள் ஓசையின்றிக் கருகிப் போயிருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில்தான் அது தெரியும். இந்நோயுள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் 18 வயதுக்குள் இப்படி ஆகிறது. வெளியில் தெரிவதெல்லாம் பாடத்தில் பின்தங்குவதும், சொன்னதை மறப்பதுமே. அத்தகைய பிள்ளை என்னிடம் வந்திருந்தால் பதிவேட்டில் நான் என்ன எழுதியிருப்பேன்?

வழி இல்லாமலும் இல்லை. தலையின் நாளங்களில் இரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலைக் கருவியால் அளக்கலாம். வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டினால் ஆபத்து. அத்தகைய பிள்ளைகளுக்குத் தவறாமல் இரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதத்தின் அபாயம் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது என்பதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விரு நோய்களும் தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்தாலன்றிப் பிள்ளையை வாட்டுவதில்லை. பெற்றோர் இருவருமே நோயின் கூறினைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர்கள் பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள். சொந்தத்திற்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில், இத்தகைய இருவர் சேர்வதற்கு இடம் அதிகம். சவூதி அரேபியாவில் 2004 முதல் நிக்காஹுக்கு முன் இவ்விரண்டிற்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவாயினும் மணப்பதா வேண்டாமா என்பதை மணமக்களே தீர்மானிக்கிறார்கள்.

அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டான். இரத்தம் ஏற்றிய பின் இரண்டு வாரம் புதுப்பாடம், மூன்றாம் வாரம் பழைய பாடம் மட்டும் என்று அவனுக்கெனத் தனி அட்டவணை போட்டேன். இப்போது பதினான்காம் ஜுஸ்வில் இருக்கிறான்.

அவனுடைய அக்காவுக்குச் சாச்சா மகனைப் பேசியிருக்கிறார்கள். பெண்ணுக்குச் சோதித்ததில் அவளும் கூறினைச் சுமப்பவள் என்று தெரிந்தது. மாப்பிள்ளைக்கும் சோதிக்கும்படி சாச்சாவிடம் நானே போய்ச் சொன்னேன். “எங்க குடும்பத்தச் சந்தேகப்படுறீங்களா ஹஜ்ரத்?” என்று எழுந்து போய்விட்டார். ஆனால் பையன் தெருமுனை வரை என்னுடன் நடந்து வந்து, எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொண்டான். சென்ற திங்களன்று இரத்தம் கொடுத்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை.